கேஷுவாலிட்டியில் காய்ச்சல் ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு பிஜி (மருத்துவ மேற்படிப்பு) மாணவி தன் தீசிஸ் எக்செல் தாளைக் கொண்டுவந்தார். எல்லாரும் செப்சிஸ் (கிருமித் தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) நோயாளிகள். ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) பத்தியில் வரிசையாக ‘வளர்ச்சி இல்லை’.

“கல்ச்சர் எப்போ எடுத்தீங்கம்மா?”

“அட்மிஷன் அன்னைக்கே, மேடம்.”

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பதில் இல்லை. படிக்கிற காலத்தில் என் தாளும் இப்படித்தான் இருந்தது. விடுபட்ட வயது, மாறிப்போன ஐபி (உள்நோயாளி) நம்பர் எல்லாம் பிறகு திருத்திக்கொள்ளலாம். திருத்தவே முடியாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் மருந்து, அப்புறம் கல்ச்சர்

இதை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்றும் கோபம் வரும்.

என் ஆய்வில் ஒரு விவசாயி இருந்தார். பிபி 80, பேச்சு குழறியது. வந்த பத்தாவது நிமிடம் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஏறிவிட்டது. கல்ச்சர் பாட்டில் அலமாரிக்குள், சாவி ஸ்டோர் சிஸ்டரிடம். ரத்தம் எடுத்தபோது ஒன்றரை மணி நேரம் கடந்திருந்தது. ஐந்தாம் நாள் ரிப்போர்ட்டில் எதுவும் வளரவில்லை. உண்மையிலேயே ரத்தத்தில் கிருமி இல்லையா, மருந்து அமுக்கிவிட்டதா? யாராலும் சொல்ல முடியவில்லை. எந்த ஆன்டிபயாடிக்கை நிறுத்துவது என்று தெரியாமல், கொடுத்துக்கொண்டிருந்த மூன்றும் ஓடின. தீசிஸில் அவரைப் போல இன்னும் பலர்.

வட அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. 325 நோயாளிகளுக்கும் ஆன்டிபயாடிக்குக்கு முன்பு ஒருமுறை, போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் மறுமுறை கல்ச்சர் எடுத்தார்கள். முன்பு எடுத்ததில் 31.4 சதவீதம் பேருக்குக் கிருமி வளர்ந்தது. பின்பு எடுத்ததில் 19.4 சதவீதம்தான்.

அதற்காக மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள். செப்டிக் ஷாக் (செப்சிஸில் பிபி விழுந்துவிடும் நிலை) என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போயாக வேண்டும். கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்கவில்லையா, மருந்தை முதலில் போடுங்கள். ‘மருந்துக்குப் பின் எடுத்தது’ என்று எழுதுங்கள். மற்றபடி இரண்டு கல்ச்சர் பாட்டில்களை ஆன்டிபயாடிக் வயல் இருக்கும் அதே ட்ரேயில் வையுங்கள். வயலை எடுக்கும் கை பாட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். 2 மில்லியை விட்டுவிட்டு ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதாதீர்கள். ஏற்கெனவே போட்டிருக்கும் வென்ஃப்ளான் ஊசிக்குழாயில் இருந்து இழுக்கவும் வேண்டாம். புதிதாகக் குத்துங்கள், தோலில் தடவிய மருந்து காயட்டும், பாட்டில் மூடியையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். இல்லாவிட்டால் தோலில் இருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் வளர்ந்து வந்து, அதற்கு வேங்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொண்டிருப்போம்.

நேரத்தை கடிகாரம் பார்த்து எழுதுங்கள். எல்லாக் கேஸ் ஷீட்டிலும் ‘10.00’ என்று இருந்தால் அது யாரோ பிறகு உட்கார்ந்து நிரப்பியது.

‘மூணு நாள் காய்ச்சல்’ என்று மட்டும் எழுதுவது

டெங்குவுக்கு என்எஸ்1 (வைரஸின் புரதம்) முதல் நான்கைந்து நாட்களில்தான் நன்றாகத் தெரியும். ஐஜிஎம் (உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) அதற்கப்புறம்தான் ஏறும். நாள் தவறினால் டெஸ்ட்டே தவறு. “எந்தக் கிழமை உடம்பு சுட ஆரம்பிச்சது?” என்று வீட்டாரிடம் கேளுங்கள்.

பகல் ஷிஃப்ட் நோயாளிகளை மட்டும் சேர்ப்பது

இரவு இரண்டு மணிக்கு 108இல் வந்து, விடிவதற்குள் இறந்தவர் உங்கள் கணக்கிலேயே வரமாட்டார்.

நோயாளியின் ஒப்புதலைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது

நெறிமுறைக் குழு எழுத்தில் அனுமதி தராத வரை கூடாது.

சட்டையைக் கழற்றாமல் பரிசோதிப்பது

ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலில் பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் பாருங்கள். எல்லாருக்கும் இருக்காது; ஆனால் இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. செஃப்ட்ரையாக்சோன் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. டாக்ஸிசைக்ளின் அல்லது அஸித்ரோமைசின் வேண்டும். நோய் தீவிரமானால் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது தனித்தனியே கொடுப்பதைவிட மேல் என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. மாணவியின் ‘வளர்ச்சி இல்லை’ நோயாளிகளில் எத்தனை பேருக்கு அக்குளைப் பார்த்தார்கள் என்று கேட்டேன். கேஸ் ஷீட்டில் அதற்கு ஒரு கட்டமே இல்லை.