‘கெட்’ என்ற சொல்லைப் பிடிக்கும் வழி

ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிக்கிறோம், மழையில் நனைந்தால் சளி பிடிக்கிறது, ஜங்ஷனில் பஸ் பிடிக்கிறோம், அல்வா யாருக்குத்தான் பிடிக்காது? ‘பிடி’யில் நமக்குக் குழப்பமே வருவதில்லை. முன்னால் நிற்கும் சொல்லைக் காது தானே பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலக் ‘கெட்’டில் பின்னால் நிற்பதைப் பார்க்க வேண்டும்.

பின்னால் பொருளின் பெயர் வந்தால் கிடைப்பது: கெட் எ லெட்டர். நிலைமையைச் சொல்லும் சொல் வந்தால் ‘ஆவது’: கெட் டயர்ட். ‘டு’ போட்டு ஊர்ப்பெயர் வந்தால் போய்ச் சேர்வது: கெட் டு தென்காசி. ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் ‘டு’ கிடையாது.

பஸ்ஸில்தான் பலர் சறுக்குகிறார்கள். வண்ணார்பேட்டையில் இறங்குவதை ‘கெட் டவுன்’ என்கிறோம். இறங்குவது என்றதும் ‘கீழே’ மனசில் வந்துவிடுகிறது. நம் ஊரில் புரியும், லண்டனில் ‘கெட் ஆஃப்’ என்பார்கள். எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானம் என்றால் ஏற ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. காலைத் தூக்கிப்போட்டு உட்காரும் சைக்கிள், பைக்குக்கும் அதேதான். குனிந்து நுழையும் காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’. ஒருவரைப் பார்த்து மொட்டையாக ‘கெட் அவுட்’ என்று மட்டும் சொன்னால் ஆளை விரட்டுவதாகிவிடும்.

அடுத்த சறுக்கல் தையல் கடையில். ‘ஐ ஸ்டிச்ட் எ ஷர்ட்’ என்றால் ஊசியும் நூலுமாக நீங்களே உட்கார்ந்து தைத்தீர்கள் என்று பொருள். டெய்லரிடம் கொடுத்துத் தைத்திருந்தால் ‘ஐ காட் மை ஷர்ட் ஸ்டிச்ட்’. முதலில் ‘கெட்’டின் இறந்தகாலமான காட், பிறகு பொருள், கடைசியில் முடிந்துபோன வினை. இந்த வரிசை மாறக் கூடாது. முடிவெட்டுக்கும் இதே கணக்கு: ‘ஐ காட் மை ஹேர் கட்’. ஆளையும் சொல்ல வேண்டுமானால் நடுவில் ‘டு’ வரும்: ‘ஐ காட் த டெய்லர் டு ஸ்டிச் இட்’. ‘காட்’டுக்குப் பதில் ‘மேட்’ போட்டால் அந்த ‘டு’ போய்விடும், கட்டாயப்படுத்திய வாடையும் அடிக்கும்.

கல்யாணத்துக்கு ‘காட் மேரிட் டு’. ‘அவரோட கல்யாணம் ஆச்சு’ என்பதில் உள்ள ‘ஓட’தான் நம்மை ‘வித்’ போட வைக்கிறது.

அமெரிக்கர் வாயில் ‘காட்டன்’ என்று வந்தால் பருத்தி வியாபாரம் என்று நினைக்க வேண்டாம், அது ‘கெட்’டின் மூன்றாம் வடிவம். அவர்களுக்கு ‘ஹேவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கியாகிவிட்டது. ‘ஹேவ் காட் எ கார்’ என்றால் கார் கையில் இருக்கிறது.