பகுதி சபைக்கு எல்லோரும் வரவேண்டும் என்றால்

தமிழ்நாட்டின் நகராட்சி, மாநகராட்சி வார்டுகளில் 2022 முதல் பகுதி சபைகள், அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடித் தங்கள் தேவைகளைப் பேசும் கூட்டங்கள், நடக்கின்றன. யார் வருகிறார்கள் என்பதை இடமும் நேரமும்தான் தீர்மானிக்கின்றன.

முதலில் வாசற்படியை அளந்து பாருங்கள். சாய்தளத்துக்கு 1:12 கணக்கு: படிகளின் மொத்த உயரம் 45 செ.மீ. என்றால் நீளம் 5.4 மீட்டர். அகலம் குறைந்தது 1.2 மீட்டர், இருபக்கமும் கைப்பிடி. இடமில்லை என்று 2 மீட்டரில் முடித்துவிடுவதுதான் வழக்கமான தவறு. அந்தச் செங்குத்தில் சக்கர நாற்காலி பின்னால் சாயும், தள்ளுபவருக்கும் ஆபத்து. வழவழப்பான டைல்ஸ் மழையில் வழுக்கும், சொரசொரப்பான சிமென்ட் தளமே நல்லது. இடமே கிடைக்காவிட்டால் கூட்டத்தைத் தரைமட்டக் கூடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

காலை 10 மணிக்கு வைத்தால் வீட்டுவேலைக்குப் போகும் பெண்களும் தூய்மைப் பணியாளர்களும் வரமுடியாது. மாலை ஆறரைக்கு வையுங்கள். ஒரு வாரம் முன்பே ரேஷன் கடையில் நோட்டீஸ் ஒட்டுங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் தெருவில் இந்தியிலும் ஒன்று.

சைகைமொழி பெயர்ப்பாளர் பேசுபவரின் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்கட்டும். ஜன்னலுக்கு முன்னால் நின்றால் கையசைவு நிழலாகத்தான் தெரியும். வருகைப் பதிவேட்டில் பாலினம் கேட்டால் திருநர்களுக்கும் கட்டம் வேண்டும். தேவையில்லையென்றால் கேட்கவே வேண்டாம்.

தீர்மானங்களை எழுதியதும் சத்தமாக வாசியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர், தான் சொன்னது பதிவானதா என்று அறிய அதுதான் வழி.