பழைய புல்லட்டில் கியர் விழவில்லையா? கியர்பாக்ஸைப் பிரிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்

"அண்ணே, ரெண்டுல இருந்து மூணு விழ மாட்டேங்குது, நடுவுல நியூட்ரல் ஆயிடுது." பழைய புல்லட்டைப் புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் முதலில் சொல்லும் குறை இதுதான். அடுத்த முறை பார்க்கும்போது கியர்பாக்ஸ் பிரிந்து தினத்தாள் மேல் பரப்பிக் கிடக்கும். பத்தில் எட்டு வண்டிக்கு அது தேவையே இல்லை. கோளாறு காலில் இருக்கும், அல்லது கிளட்ச் கேபிளில் இருக்கும். அதனால் வெளியிலிருந்து உள்ளே போவோம், ஒவ்வொன்றாக.

நான் பேசுவது திருவொற்றியூரில் தயாரான, வார்ப்பிரும்பு இன்ஜின், நான்கு கியர், வலது கால் கியர் வைத்த புல்லட்டைப் பற்றி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆல்பியன் என்ற இங்கிலாந்து வகை கியர்பாக்ஸும் அந்த வழியில் வந்ததுதான். இடது கால் கியர் வைத்த பிற்கால வண்டிகளுக்கு நான் சொல்வதில் பாதிதான் பொருந்தும்.

முதலில் கால்

ஒன்று மேலே, மூன்று கீழே. லீவரை மேலே தூக்கினால் முதல் கியர், அங்கிருந்து கீழே அழுத்த அழுத்த இரண்டு, மூன்று, நான்கு. நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். பின் பிரேக் இடது காலில். இன்றைய பைக்கில் பழகியவருக்கு அவசரத்தில் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். அங்கே இருப்பது கியர் லீவர். அதை மிதித்தால் வண்டி நிற்காது, மேல் கியருக்குப் போகும். ஆகவே காலி மைதானத்தில் ஒரு வாரமாவது ஓட்டாமல் மெயின் ரோட்டுக்கு வராதீர்கள். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

இப்போது கியர் மாற்றுங்கள். ஆக்ஸிலேட்டரை முழுதாக விடுங்கள். கிளட்சைப் பிடியுங்கள். அரை நொடி பொறுங்கள். பிறகு லீவரை அதன் கடைசி வரை அழுத்தி, கிளட்சை விடும் வரை காலை அங்கேயே வையுங்கள். கிளட்சை விட்டதும் காலை எடுத்துவிடுங்கள், லீவர் தானாக நடுவுக்குத் திரும்பட்டும். திரும்பினால்தான் உள்ளே இருக்கும் ராட்செட் அடுத்த கியருக்குப் பல்லைப் பிடிக்கும். ஷூவை லீவர் மேலேயே வைத்திருப்பவர்களுக்குத்தான் அடிக்கடி ஃபால்ஸ் நியூட்ரல், அதாவது இரண்டு கியருக்கு நடுவில் எதுவும் பிடிக்காத நிலை, விழும். இது மெதுவாகப் பேசும் கியர்பாக்ஸ், தட்டினால் கேட்காது.

அப்படி விழுந்துவிட்டால் இன்ஜின் திடீரென்று அலறும். பதறி லீவரை உதைக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரை விட்டு, கிளட்சைப் பிடித்து, மறுபடி முழுதாக அழுத்துங்கள்.

நின்ற பிறகு கியரைக் குறைக்கப் பார்ப்பது இன்னொரு தவறு. கியர் பற்கள் ஒன்றோடொன்று கோக்க அவை சுற்ற வேண்டும். சிக்னல் தூரத்தில் தெரியும்போதே, சக்கரம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே, ஒவ்வொன்றாக இறக்கி வாருங்கள். மறந்து நின்றுவிட்டால் கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டினால் விழும். அதற்கும் நேரமில்லையென்றால் நியூட்ரல் ஃபைண்டர் இருக்கிறது. கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டை லீவர் அது. இரண்டு, மூன்று, நான்கு எந்தக் கியரில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்துக் குதிகாலால் ஒரே அழுத்து, நியூட்ரல். முதல் கியரிலிருந்து மட்டும் வேலை செய்யாது. என் சித்தப்பா சிக்னலுக்கு இருபதடி முன்னாலேயே குதிகாலை அதில் வைத்துவிடுவார். நிற்கும்போது இரண்டு கையும் சும்மா இருக்கும். அப்படி நிற்பவரைப் பார்த்தாலே பழைய கை என்று தெரியும்.

அப்புறம் கிளட்ச்

காலில் குறையில்லை, இன்னும் கியர் 'கடக்' என்று கத்துகிறது, நிற்கும்போது நியூட்ரல் கிடைக்கவில்லை என்றால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. சோதிப்பது எளிது. இன்ஜினை அணைத்து நியூட்ரலில் வைத்து, கிளட்சைப் பிடித்தபடி கிக்கரை அழுத்துங்கள். கனமே இல்லாமல் இறங்க வேண்டும். கனமாக இருந்தால் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரவு முழுக்க நின்ற வண்டியில் இது சாதாரணம். நான்கைந்து முறை அப்படியே அழுத்தினால் விட்டுவிடும். பெரியவர்கள் தினமும் காலையில் இதைச் செய்த பிறகுதான் கரண்ட் காட்டும் ஆம்ப் மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷரைப் பிடித்து, ஸ்டார்ட் செய்வார்கள். சடங்குபோலத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

அடுத்து கேபிள். கிளட்ச் லீவரை விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். லீவருக்கும் அதன் பிடிக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும், ஒரு புழுங்கல் அரிசியின் தடிமன். அதிகமென்றால் கிளட்ச் பிரியாது, ஆட்டமே இல்லையென்றால் வழுக்கும். கேபிளில் இருக்கும் அட்ஜஸ்டரைத் திருகி இதைச் சரிசெய்யலாம்.

எனக்கு ஒருமுறை மூன்றாவது கியர் விழாமல் ஒரு பட்டறையில் விட்டேன். பார்த்தவுடன் "பாக்ஸ் போச்சு" என்று பிரித்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்துத் திரும்ப மாட்டியும் அதே கோளாறு. வீட்டில் கிளட்ச் லீவரைக் கழற்றிப் பார்த்தேன். கேபிள் முனையிலிருக்கும் ஈயக் குமிழுக்குச் சற்றுக் கீழே கம்பி இழைகள் பாதி அறுந்து, விளக்குமாற்றுக் குச்சிபோல விரிந்து நின்றன. பிடிக்கும்போதெல்லாம் மீதி இழைகள் நீண்டு, கிளட்ச் பாதிதான் பிரிந்திருக்கிறது. புதுக் கேபிள் போட்டேன், மூன்றாவது கியர் வெண்ணெயாக விழுந்தது. அன்றிலிருந்து பழையவர்கள் செய்வதுபோல ஒரு உபரி கேபிளை ஓடும் கேபிளோடு சேர்த்து டேப் சுற்றியே வைத்திருக்கிறேன். வழியில் அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் போதும்.

எண்ணெய், செயின்

புல்லட்டில் இன்ஜின், பிரைமரி செயின் பெட்டி (இன்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் செயின் உள்ள பெட்டி), கியர்பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். கிளட்ச் இருப்பது பிரைமரியில். அங்கே அளவு மீறினாலோ கெட்டியான எண்ணெய் ஊற்றினாலோ கிளட்ச் மக்கர் செய்யும். வண்டியை நேராக நிறுத்தி லெவல் ஸ்க்ரூவைத் திறந்து, அதில் சொட்டும் அளவோடு நிறுத்துங்கள். கார் எண்ணெய் வேண்டாம், டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. (JASO MA, பைக் கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்று போட்டிருக்க வேண்டும். கியர்பாக்ஸுக்கு வண்டிக் கையேட்டில் சொன்னதை மட்டும் ஊற்றுங்கள். பின் செயின் தொங்கினாலும் ஒவ்வொரு கியருக்கும் வண்டி உதறும், அதையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியில்தான் பாக்ஸ்

இத்தனைக்கும் பிறகு கியரை ஏற்றும்போது சரியாகவும், குறைக்கும்போது மட்டும் நியூட்ரலாகவும் இருந்தால் (அல்லது நேர்மாறாக), வெளி மூடிக்குள் கால் அசைவை அடக்கும் தகடு நகர்ந்திருக்கும். இருக்கும் இடத்தை ஊசியால் கோடு கீறிக்கொண்டு, நட்டுகளை லூஸ் செய்து மயிரிழை நகர்த்தி, டைட் செய்து ஓட்டிப் பாருங்கள். தவறினால் கோட்டுக்கே திரும்பலாம். லீவர் நடுவுக்குத் திரும்பவே இல்லையென்றால் திரும்பும் ஸ்பிரிங் ஒடிந்திருக்கும்.

போட்ட கியர் ஓட்டத்தில் தானாகக் கழன்று வந்தால் மட்டும் பற்களோ, அவற்றை நகர்த்தும் உள் ஃபோர்க்கோ தேய்ந்திருக்கலாம். அப்போது தைரியமாகப் பிரியுங்கள். வலது கால் கியரில் கைபட்ட மெக்கானிக்கிடம் விடுங்கள், பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்காருங்கள். சென்னையில் இருந்தால் உதிரிக்குப் புதுப்பேட்டை போகும்போது பழைய பல்லைக் கையோடு எடுத்துப் போங்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள்.