கூகொன் புல்லில் பற்றும் நெருப்பு: பிலிப்பைன்ஸ் மாணவர் சேவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தகலோக் மொழியில் ‘நிங்காஸ் கூகொன்’ என்றொரு வழக்கு உண்டு. கூகொன் என்பது தரிசு மேடுகளில் ஆளுயரத்துக்கு மண்டும் புல். தீ வைத்தால் குப்பென்று பற்றும். சற்று நேரத்தில் சாம்பலாகிவிடும். ஆரம்பத்தில் ஆர்ப்பரித்துவிட்டுப் பாதியில் கைவிடும் பழக்கத்தைப் பிலிப்பினோக்களே இந்தச் சொல்லால் கேலி செய்துகொள்வார்கள். அந்நாட்டுக் கல்லூரி மாணவர்களின் ஊர்ச்சேவையைக் குறை சொல்ல வருபவர்களும் முதலில் எடுப்பது இந்தச் சொல்லைத்தான். பழியைக் குணத்தின்மேல் போடுவது சுலபம். எனக்கென்னவோ நாள்காட்டியின்மேல்தான் சந்தேகம். கல்லூரிக்கு ஒரு பருவம் என்பது நான்கைந்து மாதம். ஊருக்கு அப்படியொரு கணக்கே கிடையாது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவே முளைப்பவை.

சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். முன்பெல்லாம் ஆண் மாணவர்கள் படைப்பயிற்சி முடித்தே ஆகவேண்டும். 2001 மார்ச்சில், மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழக மாணவர் மார்க் வெல்சன் சுவாவின் உடல் பாசிக் ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. தன் படைப்பயிற்சிப் பிரிவில் நடந்த ஊழலை வெளியே சொன்னவர் அவர். மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். 2002 ஜனவரி 23 அன்று குடியரசுச் சட்டம் 9163 கையெழுத்தானது. அதுதான் தேசிய சேவைப் பயிற்சித் திட்டம். மாணவர்கள் வாயில் என்.எஸ்.டி.பி. இப்போது ஆணும் பெண்ணும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: படைப்பயிற்சி, எழுத்தறிவுப் பயிற்சி, குடிமை நலப் பயிற்சி. இரண்டு பருவங்கள், பருவத்துக்கு 54 முதல் 90 மணி நேரம். முடிக்காதவருக்குப் பட்டம் இல்லை.

முதல் தவறு சேரும்போதே நடக்கிறது. படைப்பயிற்சி என்றால் வெயிலில் நிற்க வேண்டும், மற்ற இரண்டும் நிழல் என்று எண்ணிப் பெயர் கொடுக்கிறார்கள். எழுத்தறிவுப் பயிற்சி என்பது ஒரு குழந்தைக்கோ, பள்ளியை விட்டு நின்றுவிட்ட இளைஞருக்கோ படிக்கக் கற்றுக்கொடுப்பது. பொறுமை இல்லாதவருக்கு அணிவகுப்பு மைதானமே மேல்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பயிற்சிக்கு வாங்கும் கட்டணம், மற்றப் பாடங்களுக்கு அலகு ஒன்றுக்கு வாங்குவதில் பாதிக்கு மேல் போகக் கூடாது; வேறு கட்டணம் கூடாது என்கிறது சட்டம். அப்படியிருக்க, ‘திட்டச் செலவு’ என்று வகுப்பில் தலைக்கு இவ்வளவு வசூலிப்பதை வழக்கமாக்கிக்கொள்வது சரியல்ல. பணமே இல்லாமல் செய்யக்கூடிய வேலைகள் ஊரில் நிறைய இருக்கின்றன. அவை புகைப்படத்தில் அழகாக வராது, அவ்வளவுதான்.

போகும் முன்பே முடிவு செய்வது

வகுப்பறையில் குழு பிரிக்கிறார்கள். மரம் நடலாம், அன்னதானம் செய்யலாம், கடற்கரையைச் சுத்தம் செய்யலாம் என்று பட்டியல் போட்டு, திட்ட அறிக்கை எழுதி, ஆசிரியரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டு, கடைசியில்தான் ஊர் தேடுகிறார்கள். மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு நோயாளியைத் தேடுவது போன்ற வேலை.

பிலிப்பைன்ஸில் ஆட்சியின் கடைசி அலகுக்குப் பரங்கே என்று பெயர். பழங்காலத்தில் ஒரே படகில் வந்து குடியேறிய உறவுக் கூட்டத்தைக் குறித்த சொல் என்பார்கள். ‘பலங்காய்’ என்றால் படகு. இன்றும் பல பரங்கேக்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அங்கே போய்த் தலைவரான கபித்தானிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் ஊரே சம்மதித்துவிட்டதாக மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். கபித்தான் மறுக்கமாட்டார். கல்லூரிப் பிள்ளைகள் வந்து கேட்கும்போது முகத்தில் அடித்தாற்போல் சொல்வது ‘ஹியா’, அதாவது கூச்சம், முகம் கெடாமல் பார்த்துக்கொள்வது என்ற பண்புக்குப் பொருந்தாது. கேள்வித்தாளை நீட்டினாலும் இதே கதைதான். ‘உங்களுக்கு அன்னதானம் வேண்டுமா?’ என்று கேட்டால் ‘ஓப்போ’ என்று மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அதை எண்பது சதவீத ஆதரவு என்று அறிக்கையில் எழுதுவது வேடிக்கை.

பிலிப்பைன்ஸ் உளவியலாளர்கள் இதற்கு ஒரு மாற்று முறையைச் சொல்கிறார்கள். அதன் பெயர் ‘பக்தாதனோங்-தனோங்’. விசாரித்துக்கொண்டே திரிவது என்று பொருள். பெட்டிக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து, குளிர்பானம் வாங்கிக் குடித்துக்கொண்டு, ஒரே விஷயத்தை நாலு பேரிடம் நாலு விதமாகக் கேட்பது. வீட்டு வாசலில் ‘தாவோ போ’ என்று குரல் கொடுத்துவிட்டு நிற்பது. ‘மனிதர் வந்திருக்கிறோம், ஐயா’ என்பதுபோல அதற்குப் பொருள். பேயில்லை, மனிதர்தான் என்று உறுதி கொடுப்பதாகச் சிலர் விளக்குவார்கள். பெரியவர்களைக் கண்டால் அவர்களுடைய புறங்கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளும் ‘மானோ’ வணக்கம் நகரத்துப் பிள்ளைகளுக்கு மறந்துகொண்டு வருகிறது. ஊருக்குப் போகும்போது அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு சனிக்கிழமை இப்படிப் போனால் மணிக்கணக்கில் எதுவும் நடக்காததுபோல் தோன்றும். உண்மையில் அங்கேதான் வேலை தொடங்குகிறது.

இன்னொன்று: ஊரார் பலகாரம் கொடுப்பார்கள். பஞ்சித் நூடுல்ஸ், ரொட்டி, குளிர்பானம். முப்பது மாணவர்கள் நாலு வாரம் வந்தால் அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது? உதவ வந்தவர்களுக்கே ஊர் விருந்து வைக்கும்படி ஆகிவிடக் கூடாது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், பகிர்ந்து சாப்பிட்டால் யார் மனமும் நோகாது.

ஒரு நாள் சோறு

அன்னதானத் திட்டம்தான் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. இனிப்பான ஸ்பகெட்டி, பொரித்த கோழி, பலூன், விளையாட்டு. குழந்தைகள் சிரிக்கிறார்கள், அதில் தவறில்லை. அதைப் பிறந்தநாள் விருந்து என்று சொன்னால் யாருக்கும் வழக்கில்லை. ஊட்டச்சத்துத் திட்டம் என்று அறிக்கையில் எழுதும்போதுதான் சிக்கல். 2018-இல் வந்த குடியரசுச் சட்டம் 11037, ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 120 நாளுக்குக் குறையாமல் உணவு தர வேண்டும் என்கிறது. உடல் தேற அவ்வளவு காலம் பிடிக்கும். ஒரு மதியம் அதற்கு ஈடாகாது.

மாணவர்கள் உருப்படியாகச் செய்யக்கூடியது வேறு. ஒவ்வொரு பரங்கேயிலும் ஊட்டச்சத்துப் பணியாளர் ஒருவர் உண்டு. ஆண்டுதோறும் சின்னக் குழந்தைகளின் எடையும் உயரமும் பார்க்கும் ‘தீம்பாங்’ கணக்கெடுப்பை அவர்தான் நடத்துகிறார். தராசைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்க அவருக்கு ஆள் பலம் போதாது. அங்கே பத்து மாணவர்கள் போய் நின்றால் அவருக்குக் கை கொடுத்தது போலாகும். சமைத்தே தீர வேண்டும் என்றால் முருங்கைக்கீரை போட்ட அரிசிக் கஞ்சி இருக்கிறது. கீரையைத் தாய்மார்கள் வீட்டு வேலியிலிருந்தே பறித்துத் தொடரலாம். முருங்கைக்கு அங்கே ‘மலுங்காய்’ என்று பெயர். ஒலியிலேயே உறவு தெரிகிறதல்லவா?

புயலுக்குப் பின் பால்பொடி டப்பா திரட்டுவது இதைவிட ஆபத்தான நல்லெண்ணம். தாய்ப்பாலுக்கு மாற்றான பால்பொடியை நன்கொடையாக வழங்க அந்நாட்டில் தடை இருக்கிறது. 1986-இல் வந்த பால் சட்டம்தான் அதற்கு அடிப்படை. தண்ணீர் கெட்டு, அடுப்பெரிக்க வழியில்லாத முகாமில் புட்டிப்பால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். பாலூட்டும் தாய்க்குத் தண்ணீரும் சோறும் மறைவான ஓர் இடமும் கொடுத்தால் போதும்.

மரம் நடும் கதை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2011-இல் அரசு தேசியப் பசுமைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு ஆண்டுகளில் 15 லட்சம் ஹெக்டேரில் 150 கோடி மரங்கள் என்பது இலக்கு. மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 10 கன்று நட வேண்டும் என்று அதற்கான ஆணை சொன்னது. கடலோரக் கல்லூரிகளுக்கு அலையாத்தி நடுவதே எளிய வழி. 1918-இல் ஐந்து லட்சம் ஹெக்டேர் அளவுக்கு இருந்த அந்நாட்டு அலையாத்திக் காடுகள் 1994-இல் 1,20,000 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டன. ஆகவே நோக்கத்தில் பிழையில்லை.

பிழை இடத்திலும் இனத்திலும் இருக்கிறது. மாணவர்கள் நடுவது பெரும்பாலும் பகாவ், அதாவது நம் சுரபுன்னை இனம். அதன் நாற்று நீளமான குச்சிபோலத் தாய்மரத்திலிருந்தே விழும். பொறுக்கி எடுத்துச் சேற்றில் செருகினால் வேலை முடிந்தது, நாற்றங்கால் வேண்டியதில்லை. காலையில் ஆயிரம் செருகிவிட்டு மதியம் படம் எடுத்துக்கொண்டு திரும்பலாம். ஆனால் கடலைப் பார்த்த முகப்பில் பகாவ் இயல்பாக வளர்வதில்லை. அலையை முதலில் தாங்கி நிற்பவை வெண்கண்டல், பகட்பட் போன்ற இனங்கள். பகாவுக்கு இடம் அவற்றுக்குப் பின்னால், ஓடைக்கரைகளில். முகப்பில் நட்ட குச்சிகள் நெடுநேரம் நீரில் மூழ்கிக் கிடக்கும். சிப்பிப் பூச்சிகள் அப்பிக்கொள்ளும். அலை பிடுங்கிப் போட்டுவிடும். இப்படி நட்டவற்றில் நீண்ட காலம் பிழைப்பவை 10 முதல் 20 சதவீதம்தான் என்று பிலிப்பைன்ஸின் கடல் அறிவியலாளர் ஜூர்கென் பிரிமவேராவும் எஸ்தெபானும் 2008-இல் எழுதினார்கள்.

செத்துப்போனால்கூடப் போகட்டும். பல இடங்களில் இந்தக் குச்சிகள் கடற்புல் படுகையிலும் பெண்கள் சிப்பி பொறுக்கும் சேற்றுத் திட்டிலும் செருகப்படுகின்றன. இருந்த ஒரு வாழ்விடத்தை மிதித்துவிட்டு, இன்னொன்றைச் சாகக் கொடுக்கிறோம்.

அப்படியானால் சரியான இடம் எது? பழைய அலையாத்திக் காட்டை அழித்துத் தோண்டி, பிறகு கைவிடப்பட்ட மீன் குளங்கள். ஆனால் அவற்றின்மேல் குத்தகை இருக்கும், வழக்கு இருக்கும், செல்வாக்குள்ள ஒருவர் இருப்பார். கடல் முகப்பில் ‘என் இடம்’ என்று யாரும் வந்து நிற்பதில்லை. ஆகவே மரம் வளரும் இடத்தில் நடாமல், தகராறு வராத இடத்தில் நடுகிறார்கள். மாணவர்களால் குத்தகைச் சண்டையைத் தீர்க்க முடியாதுதான். ஆனால் உள்ளூர் மீனவர்களிடம் ‘இங்கே முன்பு என்ன மரம் நின்றது?’ என்று கேட்க முடியும். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து, நட்டதில் எத்தனை பிழைத்தது என்று எண்ண முடியும். ‘ஐந்நூறு நட்டோம், நாற்பது இருக்கிறது’ என்று எழுதும் அறிக்கையை ஆசிரியர்கள் முழு மதிப்பெண்ணோடு ஏற்க வேண்டும். அந்த நாற்பதில் இருக்கும் படிப்பு, ஐந்நூறில் இல்லை.

படமும் பதாகையும்

‘தார்ப்’ என்று அழைக்கப்படும் அச்சுப் பதாகை இல்லாமல் அங்கே எதுவும் நடப்பதில்லை. கல்லூரிச் சின்னம், குழுவின் பெயர், சில நேரம் அரசியல்வாதியின் முகமும். பதாகைக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சம் அரிசியாவது வரும். படங்களைப் பொறுத்தவரை, பெற்றோரின் அனுமதி இல்லாமல் குழந்தைகளின் முகத்தை இணையத்தில் போடக் கூடாது. 2012 முதல் தனியுரிமைச் சட்டமும் இருக்கிறது. வரிசையில் நிற்பவரின் முகத்தைவிடக் கன்று ஊன்றும் கையைப் படமெடுங்கள். 2021 ஏப்ரலில் கேசோன் நகரத்து மகின்ஹாவா தெருவில் ஆனா பட்ரீசியா நோன் ஒரு மூங்கில் வண்டியில் உணவுப் பொருள்களை வைத்தார். முடிந்ததைக் கொடு, தேவையானதை எடு என்று ஓர் அட்டையில் எழுதிவைத்தார். எடுத்துக்கொள்பவர்கள் யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அது நாடெங்கும் பரவியது.

எழுத்தறிவுப் பிரிவினர் செய்யும் தவறு வேறு. பிலிப்பைன்ஸில் 170-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. செபுவானோ பேசும் வீட்டுப் பிள்ளைக்குத் தகலோக்கிலோ ஆங்கிலத்திலோ கதை சொன்னால், அது புரியாமல் புன்னகைத்துக்கொண்டிருக்கும். மேலும், பள்ளிக்கு வராத பிள்ளையைப் பள்ளிக் கட்டடத்துக்கு வரச் சொல்வது எப்படி? காவித்தே நகரத்தின் எஃப்ரென் பென்யாஃப்ளோரிடா தள்ளுவண்டியில் புத்தகத்தையும் கரும்பலகையையும் ஏற்றிக்கொண்டு, குழந்தைகள் இருந்த கல்லறைத் தோட்டத்துக்கும் குப்பைமேட்டுக்கும் போனார், 2009-இல் சி.என்.என். நிறுவனம் அவரை ஆண்டின் நாயகராகத் தேர்ந்தெடுத்தது.

பாதுகாப்பை வெறும் காகிதமாக நினைப்பதை மன்னிக்க முடியாது. 2017 பிப்ரவரி 20 அன்று, இதே சேவைப் பயிற்சிக்காக மாணவர்களை முகாமுக்கு ஏற்றிச் சென்ற பஸ் ரிசால் மாகாணத்துத் தனாயில் மின்கம்பத்தில் மோதியது. 14 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அதே ஆண்டு உயர்கல்வி ஆணையம் வெளிநடவடிக்கைகளுக்கான விதிகளைக் கடுமையாக்கியது. பெற்றோர் கையெழுத்து பள்ளத்தாக்கில் பஸ்ஸை நிறுத்தாது. வண்டியின் நிலை, ஓட்டுநரின் ஓய்வு, மாற்றுவழி ஆகியவற்றைக் கேட்க மாணவர் தலைவருக்கு உரிமை உண்டு; பதில் திருப்தியாக இல்லாவிட்டால் ஏறாமல் நிற்கலாம்.

எழுத்தறிவு, குடிமைப் பிரிவுகளை முடித்தவர்கள் தேசிய சேவை இருப்புப் படையில் சேர்க்கப்பட்டு, ஆளுக்கொரு வரிசை எண் பெறுகிறார்கள். பேரிடர்க் காலத்தில் அழைக்கப்படலாம் என்பதே அதன் பொருள். ஆண்டுக்குச் சுமார் 20 புயல்கள் எட்டிப்பார்க்கும் நாடு அது. ஆனால் பலர் அந்த எண்ணைச் சான்றிதழோடு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். தங்கள் பரங்கேயில் வெள்ளம் எந்தத் தெருவில் முதலில் ஏறும், எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்று தெரியாமலே பயிற்சி முடிந்துவிடுகிறது.

இனி நாள்காட்டிக்கு வருவோம். பருவத்தை நீட்ட மாணவர்களால் முடியாது. ஒரே ஊருக்கு அடுத்த அணியை அனுப்பும்படி கல்லூரியைக் கேட்க முடியும். ஒவ்வோர் அணியும் புது ஊர், புதுத் திட்டம் என்று தொடங்குவதுதான் கூகொன் நெருப்பின் விறகு. கடைசிச் சனிக்கிழமையைக் கேக் வெட்டிச் செலவிடாமல், அடுத்த அணியைக் கூடவே அழைத்துப் போகலாம். கையில் ஒரு நோட்டு போதும்: எடை குறைந்த குழந்தைகள் எந்தச் சந்தில் இருக்கிறார்கள் என்று யாரைக் கேட்க வேண்டும், பிழைத்த நாற்பது கன்றுகள் எங்கே நிற்கின்றன, கபித்தான் எந்தக் கிழமை ஊரில் இருப்பார், கூட்டத்தில் வாய் திறக்காத, ஆனால் எல்லாம் தெரிந்த பெட்டிக்கடை அம்மாவை எப்போது பார்க்கலாம், எந்த வீட்டு நாய் கடிக்கும்.