கிளறிவிட்டுப் போகிற பழக்கம்

போன மாதம், புதிதாக உளவளத்துணை டிப்ளோமா முடித்த இரண்டு பிள்ளைகளோடு மூதூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் 2006இல் போரினால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, பல வருடம் முகாமில் கிடந்து திரும்பியவர். இப்போது பகலிலேயே குடி. பிளேன்டி வந்தது. அது ஆறுவதற்குள் ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள்: "ஐயா, அன்றைக்கு என்ன நடந்தது? முதலில இருந்து சொல்லுங்கோ."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளை ஏசவும் முடியாது. இருபது வருடத்துக்கு முன் அதே கேள்வியை அதே குரலில் கேட்டவள்தான் நான்.

பிந்திப் போவது, குறிப்பு எழுதாமல் விடுவது, போனைப் பார்த்தபடி தலையாட்டுவது எல்லாம் உங்கள் மேற்பார்வையாளரே திருத்திவிடுவார். நான் சொல்ல வருவது வேறு: பயங்கரத்தைக் கண்டு குடிக்குள் விழுந்தவர்களிடம் நல்லெண்ணத்தோடு நாங்களும் குடும்பத்தாரும் செய்கிற பிழைகள்.

முதல் நாளே கதையைக் கேட்பது

2005 ஜனவரி. சுனாமி அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி. ஆட்களை வட்டமாக இருத்தி நடந்ததையெல்லாம் கொட்டவைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று சொல்லி முகாமுக்கு அனுப்பினார்கள். கரைவலை இழுக்கும் ஒருவர், தன் கையிலிருந்து மகள் நழுவிய நேரத்தைச் சொன்னார். நான் விடவில்லை. "அப்புறம்? தண்ணி எவ்வளவு உயரம்?" என்று ஒன்றரை மணித்தியாலம் கேட்டேன். அவர் அழுதார், நானும் அழுதேன். நல்ல வேலை செய்துவிட்டேன் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டேன்.

மறுநாள் காலை அவருடைய மனைவி வந்தார். கோயில் திருவிழா, கலியாணம் என்றால் மட்டும் குடிக்கிற மனிதர், அன்று விடியும்வரை குடித்திருக்கிறார். "மிஸ், நீங்கள் திறந்துபோட்டுப் போயிட்டியள். இரவில ஆர் மூடுறது?"

அவர் பிறகு எங்களிடம் வரவேயில்லை. தவறணைக்குத்தான் போனார்.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். அந்த ஒருநாள் வட்டம் 1980களில் அமெரிக்காவில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக உருவான முறை. 2002இலேயே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஒரே அமர்வில் கொட்டவைப்பது பிற்கால மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்கு நிலையை மோசமாக்கவும் கூடும் என்று எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அதையே கட்டி எங்கள் கையில் தந்தார்கள். 2011இல் உலக சுகாதார நிறுவனம் தந்த உளமுதலுதவிக் கையேட்டின் சாரம் பார், கேள், இணை என்ற மூன்று சொல். அதில் வரும் 'கேள்' என்பது, அவராகச் சொன்னால் காது கொடு என்ற அர்த்தத்தில். விசாரணை நடத்து என்று அதற்குப் பொருள் இல்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பயங்கரமான நினைவு வெறும் கதையாகத் திரும்பி வராது. மணமாக, சத்தமாக, நெஞ்சுப் படபடப்பாக வரும். அதிலிருந்து இறங்கிவர வழி தெரியாதவரைக் கிளறிவிட்டால், அவர் தனக்குத் தெரிந்த ஒரே பிரேக்கைத்தான் பிடிப்பார். சாராயம் முதலில் நித்திரை தரும், நடுச்சாமத்தில் அதே நித்திரையைக் குழப்பும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூடக் குடிக்கவேண்டி வரும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹேர்மன் 1992இலேயே வரிசையைச் சொல்லிவிட்டார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைத்து அழுவது, அதன் பிறகு மனிதரோடு திரும்பச் சேர்வது. முதல் படியிலேயே மாதக்கணக்கில் நின்றாலும் அது வேலைதான். அன்று மூதூரில் நான் பேச்சை மாற்றி, "இரவில எத்தனை மணிக்கு முழிப்பு வரும்?" என்று கேட்டேன். "இரண்டு மணி" என்றார். சரி, இரண்டு மணிக்கு என்ன செய்யலாம்? வெறுங்காலைச் சீமெந்து நிலத்தில் அழுத்தி வைப்பது, தேசிக்காய் ஒன்றைக் கிள்ளி மணப்பது, மனைவியை எழுப்புவது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைக் கலண்டரில் எழுதிவிட்டு வந்தோம். அன்றைய வேலை அவ்வளவுதான்.

கதை சொல்வதே கூடாது என்று நான் சொல்லவில்லை. முறையான பயிற்சி உள்ளவர் அதைத் துண்டு துண்டாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் மூடிவிட்டு அனுப்புவார். கரையோரத்தில் வேலை செய்பவர்கள் கலண்டரையும் பாருங்கள். மார்கழியில் வாடைக்காற்று, கடல் கொந்தளிப்பு, கையில் காசில்லை. அதோடு சுனாமி அடித்த 26ஆம் திகதியும் வரும். அந்த மாதத்தில் புதிதாக எதையும் திறக்காதீர்கள்.

"குடியை விட்டுட்டு வா, பிறகு பார்ப்பம்"

கனவுக்குப் பயந்து குடிக்கிறவரிடம் இதைச் சொல்லி என்ன பயன்? இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும். கிளினிக்கும் நீங்களும் ஒருவரோடு ஒருவர் கதைத்துக்கொள்ளுங்கள்.

அறையில் பூட்டிக் குடியை நிறுத்துவது

நாள்தோறும் நிறையக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் நடுக்கம், காய்ச்சல், இல்லாத உருவங்கள் தெரிவது என்று முற்றி உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, விற்றமின் பி1 கொடுத்து இறக்குவார்கள். பேய் பிடித்துவிட்டது என்று கழிப்புக் கழிக்க ஆள் தேடிய குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அதை ஆஸ்பத்திரியால் வந்த பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

சோற்றில் கலக்கும் குளிசை

குடித்தால் வாந்தி வரவைக்கும் குளிசையை ஆளுக்குத் தெரியாமல் கொடுப்பது. இரத்த அழுத்தம் விழும், இதய வருத்தக்காரருக்கு உயிர் ஆபத்து. கூடவே கூடாது.

கோயில் சத்தியத்தைச் சிரிப்பது

கோணேசரில் கற்பூரம் கொளுத்தி ஆறு மாதம் தொடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் வாயை மூடிக்கொண்டிருங்கள். உங்களால் வாங்கித் தர முடியாத ஆறு மாதம் அது.

சந்தையில் சுகம் விசாரிப்பது

உங்களிடம் வருகிறவரை வெளியில் கண்டால், கண்டும் காணாமல் போங்கள். அவர் சிரித்தால் சிரிக்கலாம்.