பூனைக்கு இன்சுலின்: வீட்டில் அளவை மாற்றும்போது நடக்கும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட வீடுகள் பலவற்றில் ஐஸ்பெட்டிக் கதவுத் தட்டில், முட்டைக்குப் பக்கத்தில் ஓர் இன்சுலின் பேனா இருக்கும். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, நம் குடும்பங்களுக்கு அவ்வளவு பழக்கமான நோய். அதனால் வீட்டுப் பூனைக்கும் அதே நோய் என்று டாக்டர் சொல்லும்போது பலர் பயப்படுவதில்லை. அம்மாவுக்கு ஊசி போட்டுப் பழகிய கைதானே என்கிறார்கள். ஊசி போடுவதில் அந்தப் பழக்கம் உண்மையிலேயே உதவும். அளவைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் அதே பழக்கத்தை நம்பினால் பூனையின் உயிருக்கே ஆபத்து. நாலைந்து கிலோ உடம்பு அது. அரை யூனிட்கூட அதற்குப் பெரிய மாற்றம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இன்சுலின், எத்தனை யூனிட், இரத்தச் சீனி அளவில் எந்த எண் வந்தால் கூட்டுவது, எந்த எண் வந்தால் குறைப்பது என்பதையெல்லாம் கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டும். வீட்டில் நம் வேலை அளப்பது, எழுதி வைப்பது, அவர் சொன்னதை விட்டு விலகாமல் இருப்பது. அந்தத் திட்டம் கையில் இருப்பவர்களும் சறுக்கும் இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடிக்கடி நடப்பதும் ஆபத்து அதிகமுள்ளதும் இதுதான்: காலையிலும் மாலையிலும் ஊசிக்கு முன்னால் வரும் எண்ணை மட்டும் பார்த்து அளவைக் கூட்டுவது. செம்பனை வெட்டுக்கோ பால் வெட்டுக்கோ போகிறவர் வீட்டை நினைத்துப் பாருங்கள். விடியுமுன்னே எழுந்து, பெரட்டுக்குப் போவதற்குள் பூனையின் காதில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கிறார். நம் ஊர் மீட்டரின் மில்லிமோல் கணக்கில் 18 காட்டுகிறது. ஊசி போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார். மாலையில் பார்த்தால் 17. மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி அரை யூனிட் கூட்டுகிறார். அடுத்த வாரம் இன்னும் அரை. ஆனால் நடுப்பகலில் பூனையின் சீனி எங்கே போய் நின்றது என்று அவருக்குத் தெரியாது. அது 4-க்கு இறங்கி, மறுபடி ஏறியிருக்கலாம். ஊசிக்கு முன்னால் பார்ப்பது முந்தைய மருந்தின் வேகம் அடங்கிய நேரத்து எண். அது உயரமாக இருப்பதில் வியப்பில்லை.

அளவை முடிவு செய்ய வேண்டியது இரண்டு ஊசிகளுக்கு நடுவே சீனி ஆகக் கீழே இறங்கும் அந்த எண்தான். விலங்குகளுக்கான கேனின்சுலினில் அது பெரும்பாலும் நாலு மணி நேரத்தை ஒட்டி வரும். மனிதர்களுக்கான லாண்டஸ் போன்ற கிளார்ஜின் வகையில் இன்னும் தள்ளிப்போகலாம். பூனைக்குப் பூனையும் மாறும். ஆகவே ஓய்வு நாளில் வீட்டில் இருந்து, ஊசி போட்டதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அளந்து பாருங்கள். அடிமட்டம் 5-லிருந்து 8 வரைக்குள் நின்றால், காலை எண் கொஞ்சம் உயரமாக இருந்தாலும் அளவைக் கூட்டுவதற்கு அவசரமே இல்லை. ஓய்வு நாளும் கிடைக்காதவர்கள், சீனியை விடாமல் அளப்பதற்காக மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் லிப்ரே சென்சாரைப் பூனையின் முதுகில் ஒட்டித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சில நாளில் கழன்று விழுந்துவிடும், விலையும் குறைவில்லை. ஆனாலும் நாம் வெளியே இருக்கும் நேரத்தில் நடந்ததை அது காட்டிக் கொடுக்கும். வேறு எதற்குச் செலவைக் குறைத்தாலும் இதற்குக் குறைக்காதீர்கள் என்பேன்.

இதே தவறின் இன்னொரு முகம், தினம் தினம் அளவை மாற்றுவது. இன்று 20, இரண்டு யூனிட் போடுவோம். நாளை 12, ஒன்று போதும். பெரியவர்கள் சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலினில் இப்படி ஒரு கணக்கு உண்டு, அதைப் பார்த்துப் பழகியதால் வருவது. பூனைக்குத் தரும் நீண்டநேர இன்சுலினுக்கு அது பொருந்தாது. கிளார்ஜின் தோலுக்கடியில் தங்கி மெல்ல மெல்லக் கசியும் மருந்து. துளித்துளியாகச் சொட்டும் குழாயைத் திறந்துவிட்டால் தொட்டி உடனே நிரம்பாது, அதுபோல. புது அளவின் முழு வேலை தெரிய ஐந்தாறு நாளாவது ஆகும். அதற்குள் மறுபடி மாற்றினால் எந்த அளவு என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது, டாக்டராலும்தான். மாற்றும்போதும் கால் யூனிட், அரை யூனிட் என்றுதான் மாற்ற வேண்டும்.

குறைப்பதற்கு மட்டும் இந்தப் பொறுமை கூடாது. சீனி 4-க்குக் கீழே போனது தெரிந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட்டு அளவைக் குறைக்க வேண்டும். சீனி கூடிக் கிடப்பது நாள்பட நாள்படத்தான் கெடுக்கும். இறங்கிவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். சந்தேகம் வந்தால் குறைந்த பக்கமே சாய்வது நல்லது.

சிரிஞ்ச் விஷயத்துக்கு வருகிறேன். ஊசி போட்டுப் பழகியவர்களும் ஏமாறுவது இங்கேதான். விலங்குகளுக்கான கேனின்சுலினும் ப்ரோசிங்க்கும் யூ-40, அதாவது ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். லாண்டஸும் மற்ற மனித இன்சுலின் பெரும்பாலானவையும் யூ-100. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய சிரிஞ்ச் உண்டு. வழக்கமாக யூ-40 சிரிஞ்சின் மூடி சிவப்பு, யூ-100 ஆரஞ்சு. யூ-40 சிரிஞ்சில் லாண்டஸை ஒரு யூனிட் கோடுவரை இழுத்தால் பூனை உடம்புக்குள் போவது இரண்டரை யூனிட். பூனையின் உயிருக்கு ஆபத்து வர அந்த ஒரு வேளையே போதும். மாற்றிச் செய்தால், யூ-100 சிரிஞ்சில் கேனின்சுலின் ஒரு கோடு என்பது அரை யூனிட்டுக்கும் குறைவு. அப்போது மருந்து வேலை செய்யவில்லை என்று கூட்டிக்கொண்டே போவீர்கள். பட்டணத்து மருந்துக் கடையில் சிரிஞ்ச் முடிந்துவிட்டது, இருப்பதை வாங்கி வந்தோம் என்ற பேச்சே வேண்டாம். வாங்கும்போது அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். பாட்டியின் பேனாவைப் பூனைக்குப் போடுவதும் கூடாது. அதில் இருப்பது பெரும்பாலும் வேகமானதும் மெதுவானதும் கலந்த வேறு வகை மருந்து, பேனாவும் ஒவ்வொரு யூனிட்டாகத்தான் நகரும்.

அளக்கும் மெஷினில் இரண்டு குழப்பம். மனிதர்களுக்கான மீட்டர் பூனை இரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும், ஏனென்றால் பூனை இரத்தத்தில் குளுக்கோஸ் பெரும்பகுதி பிளாஸ்மாவில் இருக்கிறது. அல்ஃபாட்ராக் போன்ற விலங்குகளுக்கான மீட்டர் உண்மைக்கு நெருக்கமாக வரும். எது கையில் இருக்கிறதோ அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள், எது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் இது, ஒரு நாள் அது என்று மாற்றி அளந்தால் எண்ணுக்குப் பொருளில்லை. இரண்டாவது, நம் ஊர் மீட்டர் மில்லிமோல் கணக்கு காட்டும். அமெரிக்கக்காரர்கள் எழுதுவது மில்லிகிராம் கணக்கு. அவர்கள் எண்ணை 18-ஆல் வகுத்தால்தான் நம் எண். அவர்கள் 90 என்றால் நமக்கு 5.

அப்புறம், இன்னொரு விஷயம். கிளினிக்குக்குக் கூண்டில் அடைத்துக் கொண்டுபோகும்போது பயத்திலேயே பூனைக்குச் சீனி ஏறிவிடும். அங்கே வந்த ஒரே எண்ணை வைத்து அளவைக் கூட்டுவதை விட, வீட்டில் எழுதிய தாளை டாக்டரிடம் காட்டுவது நல்லது.

தோட்ட வரிசை வீடுகளில் ஒரு தனிச் சிக்கல்: நம் பூனை நமக்கு மட்டும் சொந்தமில்லை. காலையில் நம் வீட்டில் ஒரு வாய், பக்கத்து வீட்டில் கெம்போங் மீனும் சோறும், கோடி வீட்டில் பிஸ்கட். இப்படி இருந்தால் எந்த அளவும் ஒரு நிலைக்கு வராது. அக்கம்பக்கத்தில் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும், முடிந்தால் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். மாவுச்சத்து குறைந்த ஈர உணவு பூனைக்கு ரொம்ப நல்லது. ஆனால் உலர் தீனியிலிருந்து அதற்கு மாற்றினால் இன்சுலின் தேவை சட்டென்று இறங்கிவிடும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் பூனை மயங்கி விழும். உணவை மாற்றுவதும் அளவை மாற்றுவதற்குச் சமம்தான், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் சமயம் இன்னொரு விபரீதம் நடக்கும். “அண்ணி, ஊசி போட்டாச்சா?” என்று கேட்காமலே தங்கை போடுவாள், அரைமணி நேரம் கழித்துத் தெரியாமல் அண்ணியும் போடுவார். இதற்குச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைவிட நல்ல மருந்து கிடையாது. ஊசி போட்டவுடன் அந்தத் தேதிக் கட்டத்தில் நேரம், யூனிட், போட்டவர் பெயரின் முதல் எழுத்து. எழுதியிருந்தால் போட்டாச்சு, எழுதாவிட்டால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். கேட்டும் நிச்சயமில்லை என்றால் அந்த வேளையை விட்டுவிடலாம். பூனை துள்ளி, மருந்து ரோமத்தில் கொட்டிவிட்டாலும் அப்படித்தான்: எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாதபோது மறுபடி குத்தக் கூடாது. விட்டுப்போன வேளைக்குச் சேர்த்து அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடுவதும் கூடாது.

மருந்தின் நிலையையும் ஒரு கண் பாருங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த குப்பி, ஐஸ்பெட்டியின் உறைபனிப் பகுதியில் உறைந்த குப்பி, இரண்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான். அளவு போதவில்லை என்று தோன்றும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது குப்பியை. அடுத்து, பூனைக்குப் பல் அழுகல், சிறுநீர்த் தொற்று ஏதும் உண்டா, அரிப்புக்கு வேறெங்காவது ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா என்று பார்க்க வேண்டும். இவை இருக்கும்வரை யூனிட் ஏறிக்கொண்டே போகும், நோய் அடங்காது. பூனை சாப்பிடாமல் வாந்தி எடுத்தால் அது வேறு கதை, இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் கீட்டோன் ஏறியிருக்கலாம். அன்றே கொண்டுபோக வேண்டும்.

சில பூனைகளுக்கு நல்ல கட்டுப்பாடு வந்த பிறகு இன்சுலினே தேவைப்படாமல் போவதும் உண்டு. இது உண்மையான நம்பிக்கை, தள்ளிவிட வேண்டாம். ஆனால் ஒரு நல்ல எண்ணைப் பார்த்து ஊசியை நிறுத்திவிடாமல், டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து, நிறுத்திய பிறகும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

கடைசியாக, சீனி இறங்கிவிட்டால் என்ன செய்வது. பூனை தள்ளாடும், வெறித்துப் பார்க்கும், சிலது அகோரப் பசியோடு சுற்றும், முற்றினால் உடம்பு இழுத்து வலிப்பு வரும். விழுங்க முடிந்தால் உடனே சாப்பாடு கொடுங்கள். முடியாவிட்டால் தேனையோ குளுக்கோலின் என்ற குளுக்கோஸ் மாவைக் குழைத்தோ விரலால் ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். வலிப்பு இருக்கும்போது பல்லுக்கிடையில் விரலை விடாதீர்கள். தெளிந்துவிட்டாலும் மருந்து இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருப்பதால் டாக்டரிடம் கொண்டுபோயே ஆக வேண்டும். ஈப்போவரை போக வேண்டியிருந்தால் வழியிலும் ஒருவர் ஈறில் தடவிக்கொண்டே வரட்டும். இரவிலும் ஓய்வு நாளிலும் திறந்திருக்கும் கிளினிக் எது என்று இன்றே விசாரித்து, அதன் எண்ணை அதே நாள்காட்டியின் மேல் பெரிதாக எழுதிவையுங்கள். அடுத்த வேளை ஊசியை டாக்டர் புது அளவு சொன்ன பிறகே போடுங்கள்.