வெளியூர் சர்வரில் கோப்பைத் திருத்தும்போது இணைப்பு அறுந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ வீட்டிலிருந்தபடியே மும்பை சர்வர் ஒன்றில் உள்ள கோப்பை எஸ்.எஸ்.எச். (தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழைந்து வேலை செய்யும் முறை) வழியாகத் திருத்துபவருக்கு, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மின்சாரம் போய் மோடம் அணைவதும், அவசரமாகச் செல்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவதும் பழகிப்போன சங்கதிகள். ஆனால், இணைப்பு அறுவதால் வரும் சேதத்தைவிட, அறுந்த பின் பதற்றத்தில் நாம் செய்பவற்றால் வரும் சேதமே பெரும்பாலும் அதிகம்.

அவற்றுள் முதன்மையானது, திரையில் வந்த செய்தியைப் படிக்காமல் திரும்பத் திரும்ப முயல்வது. 'டைம்ட் அவுட்' என்றால் எதிர்முனையிலிருந்து பதிலே வரவில்லை. 'பர்மிஷன் டினைட்' என்றால் வழி சரியாக இருக்கிறது, உள்நுழைவுக்கான சாவிக் கோப்பிலோ கடவுச்சொல்லிலோதான் கோளாறு. இந்த இரண்டாவது நிலையில் விடாமல் முயல்வது ஆபத்து. பல சர்வர்களில் இயங்கும் ஃபெயில்2பேன் என்ற காவல் நிரல், மாற்றப்படாத அமைப்பில், 10 நிமிடங்களுக்குள் 5 முறை தவறினால் அந்த ஐ.பி. முகவரியை 10 நிமிடங்களுக்குத் தடுத்துவிடும். அதன்பின் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வருவதைப் பார்த்து, சர்வரே படுத்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நம் கணினியிலுள்ள எடிட்டரின், சர்வரோடு இணையும் ரிமோட் வசதி நமக்குத் தெரியாமலேயே பின்னணியில் முயன்றுகொண்டிருக்கக்கூடும் என்பதால், முதலில் அதை மூடிவிட்டு, வேறொரு இணைப்பின் வழியாக ஒரே ஒரு முறை முயன்று பார்ப்பது நல்லது. செல்பேசி இணைப்பில் ஒரே பொது ஐ.பி.யைப் பலர் பகிர்வதால், நம் அவசரத்துக்கு முன்பின் தெரியாத ஒருவரும் சேர்ந்து தடைபடலாம்.

சர்வரிலேயே இயங்கும் விம் எடிட்டரில் திருத்தும்போது இணைப்பு அறுந்தால், சேமிக்காத மாற்றங்கள் சர்வரில் ஸ்வாப் எனும் தற்காலிகக் கோப்பில் பெரும்பாலும் தங்கியிருக்கும். மறுபடி திறக்கும்போது வரும் நீண்ட எச்சரிக்கையை எரிச்சலில் தள்ளிவிட்டு, 'டெலிட்' என்பதற்கான எழுத்தைத் தட்டுபவர்கள் அனேகம். முதலில் 'ரெகவர்' கொடுத்து, கிடைத்ததை வேறு பெயரில் சேமித்து, மூலக்கோப்போடு ஒப்பிட்ட பிறகே ஸ்வாப்பை அழிக்க வேண்டும். பழைய விம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாக எச்சரிக்கை சொன்னால், அதை நிறுத்தாமல் மேலே போகக் கூடாது. இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையை ஓடவைத்திருக்கும் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் வேலை செய்பவருக்கு இந்தத் தொல்லையில்லை. திரும்பி வந்து விட்ட இடத்திலேயே தொடரலாம்.

சர்வர் பதில் தருகிறதா என்று எத்தனை நொடிக்கு ஒருமுறை சோதிப்பது எனச் சொல்லும், எஸ்.எஸ்.எச்.சின் சர்வர்அலைவ்இன்டர்வெல் என்ற அமைப்பு இயல்பில் 0, அதாவது செயலற்றது. அதை 60 நொடி என வைப்பது பொருத்தம். மிகுந்த ஆர்வத்தில் 5 என வைத்தால், பதில் வராத 3 முறைகளை மட்டுமே இயல்பாகப் பொறுக்கும் எஸ்.எஸ்.எச்., சுமார் 15 நொடி தடுமாற்றத்துக்கே இணைப்பைத் தானாக அறுத்துவிடும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாக, கோப்பைத் தன் கணினியிலேயே திருத்தி அனுப்புவதே என் தேர்வு. அதிலும் ஒரு தவறு உண்டு: கோப்பை நகலெடுத்து அனுப்பும் எஸ்.சி.பி. கட்டளை மூலம் மூலக்கோப்பின் மீதே நேரடியாக எழுதினால், நடுவில் அறுந்தபோது பாதிக் கோப்புதான் அங்கே மிஞ்சும். அதே வேலைக்கான ஆர்சிங்க் என்ற கட்டளை இயல்பாகவே தற்காலிகப் பெயரில் எழுதி, முழுவதும் வந்து சேர்ந்த பின்பே பெயரை மாற்றுகிறது.